எலுமிச்சை வாசத்துக்கு எதை வளர்ப்பது: விதையா, பதியனா, புல்லா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாடித்தோட்டம் ஆரம்பிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "எலுமிச்சை வாசம் வர்ற மாதிரி ஏதாவது விதை போட்டு வளர்க்கணும், எதைப் போடலாம்?" பழம் வேண்டுமா, இலை வேண்டுமா, டீயில் போட வேண்டுமா, மாலையில் மாடிக்குப் போனால் சும்மா மணக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டால் பலரும் யோசிக்க ஆரம்பிப்பார்கள். பதில் அங்கேதான் பிரிகிறது. வாசம் இலையிலேயே கிடைத்துவிடும் என்றால், பழத்துக்காகச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி தேவையில்லாமல் போய்விடும்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். எலுமிச்சை மணக்கும் கஞ்சா ரகம் என்று வெளிநாட்டு விதைக் கடைகள் இணையத்தில் பளபளப்பாக விற்கின்றன. சில நாடுகளில் வீட்டில் நாலைந்து செடி வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. இங்கே கிடையாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். யூனியன் பிரதேசம் என்பதால் பாண்டியில் சலுகை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த வித்தியாசமெல்லாம் சாராய விலையோடு சரி. அந்த ரகங்களின் வாசத்துக்குக் காரணமாக முதலில் சொல்லப்படுவது லிமோனீன் என்ற எண்ணெய்ப் பொருள். அதே லிமோனீன்தான் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் பீய்ச்சுகிறது. வாசத்துக்கு மட்டும் ஆசைப்படுகிறவர் பெரிய மார்க்கெட்டில் ஒரு கூறு எலுமிச்சை வாங்கினாலே போதும்.

லிமோனீனைத் தனியாக முகர்ந்தால் ஆரஞ்சுத் தோல் நினைவுதான் வரும். நம் மூக்கு "எலுமிச்சை" என்று சட்டெனக் கண்டுகொள்வது பெரும்பாலும் சிட்ரால் என்ற இன்னொரு பொருளை. எலுமிச்சைப் புல்லின் எண்ணெயில் இது ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம். எலுமிச்சைத் துளசியிலும் தூக்கலாக நிற்பது இதுவே. எலுமிச்சை இலையில் இரண்டும் கலந்து, கூடவே ஒரு பச்சைக் கசப்பும் இருக்கும். ரசத்தில் போட்டால் தனியாகத் தெரிவது அந்தக் கசப்புதான்.

ஆக, களத்தில் இருப்பவை மூன்று: எலுமிச்சை, எலுமிச்சைப் புல், எலுமிச்சைத் துளசி. லெமன் பாம், லெமன் தைம், லெமன் வெர்பினா என்று பாக்கெட் விதைகளும் கிடைக்கின்றன. அவை நம் கோடையைத் தாங்காத செடிகள். கொடைக்கானலில் வீடு இருந்தால் வாங்கலாம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்து, ஜூனில் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எலுமிச்சை: விதைக்கு இருக்கும் கெட்ட பெயர்

"விதை போட்டா தாய் மரம் மாதிரி வராது, பதியன்தான் வாங்கணும்" என்பது தோட்டக்காரர்கள் பொதுவாகச் சொல்வது. நம்மூர் மாமரங்களுக்கு அது பெரும்பாலும் சரி. பம்பளிமாஸுக்கும் சரி. நாட்டு எலுமிச்சைக்கு அது பொருந்தாது. எலுமிச்சை விதை ஒன்றைப் போட்டால் இரண்டு மூன்று முளை வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் அதிகம் போனால் ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து உண்டான கரு. மற்றவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே நேராகக் கிளம்பியவை. அப்பா இல்லாத பிள்ளைகள். தாயிடம் என்ன வாசம், என்ன புளிப்பு, எவ்வளவு மெல்லிய தோலோ, அது அப்படியே இவற்றுக்கும் வரும். நாற்றங்காலில் ஒரே உயரம், ஒரே இலை வடிவில் நிற்பவற்றை வைத்துக்கொண்டு, சவலையாகவோ வேறு மாதிரியாகவோ நிற்பதைப் பிடுங்கிப் போட்டால் தாயின் நகல்தான் மிஞ்சும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. எலுமிச்சை மரங்களை மெல்ல மெல்லக் காய வைக்கும் டிரிஸ்டிசா என்ற வைரஸ் விதை வழியே போகாது. பதியனிலும் ஒட்டுக் கன்றிலும், தாய் மரத்தில் அது இருந்தால் கூடவே வந்துவிடும். எந்த மரத்திலிருந்து பதியன் போட்டார்கள் என்று சாலையோர நர்சரியில் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. விதைக் கன்று கொஞ்ச நாளாவது சுத்தமாக ஆரம்பிக்கிறது. அப்புறம் அசுவினி கொண்டுவந்தால் அது வேறு கதை.

கடலூர்ப் பக்கத்துக்கென்றே ஒரு காரணமும் இருக்கிறது: காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்தன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. கிளையில் கட்டிய மண்ணிலிருந்து பக்கவாட்டில் வேர் விட்டது அது. விதைக் கன்று ஆணிவேரோடு இறங்கும். தரையில் நட இடம் உள்ளவர், அதுவும் கடலிலிருந்து ரொம்ப தூரம் இல்லாத மனையில் நடுகிறவர், இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஆணிவேர் தொட்டியில் சுருண்டுவிடுவதற்கு முன்பே தரைக்கு மாற்றினால்தான் இந்த லாபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதையில் நஷ்டம் எங்கே என்றால், காலத்திலும் முள்ளிலும். விதைக் கன்று காய்க்க நாலு முதல் ஆறு வருடம் ஆகும். பதியன் இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். தொட்டியிலேயே பூவோடு விற்பதும் உண்டு. முள் விஷயத்தில் இளம் விதைக் கன்று ஒரு ரவுடி. சின்னக் குழந்தைகள் ஓடும் மாடியில் வைக்க யோசிக்க வேண்டும். காற்றில் தன் இலையைத் தன் முள்ளாலேயே கிழித்துக்கொள்ளும். அந்தக் கிழிசல் வழியே சொறி நோய்க் கிருமி சுலபமாக நுழையும்.

ஒட்டுக் கன்றில் ஒரு சௌகரியம் உண்டு, அதைக் கடலோரத்தார் கவனிக்க வேண்டும். எலுமிச்சைக் குடும்பமே உப்புக்குப் பயந்தது. தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரியில் கடற்கரைக்கு ஒட்டிய தெருக்கள் என்று பல இடங்களில் போர் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாலே உப்புத் தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் இலை நுனி கருகி, ஓரம் பழுப்பாகி, கோடையில் செடி மொட்டையாகிவிடும். ரங்பூர் லைம் என்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் செடியில்) ஒட்டுக் கட்டிய கன்று, உப்பையும் வறட்சியையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். நர்சரியில் வேர்ச்செடி எது என்று கேட்டு, பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் துளிரை விடாமல் கிள்ள வேண்டும். விட்டால் மேலே இருக்கும் நல்ல செடி ஒடுங்கி, முள் காட்டோடு வேர்ச்செடிதான் வளரும். கன்று எதுவானாலும் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேடு தட்டிய பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருந்தால் அது சொறி நோய். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மழைச்சாரலும் காற்றும் சேர்ந்து அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் அது பக்கத்துச் செடிக்கெல்லாம் தாவும்.

ஆனால் இதெல்லாம் பழத்துக்கான வாதம். வாசம்தான் வேண்டும் என்கிறவருக்கு ஆறு வருடக் கணக்கு எதற்கு? விதைக் கன்றில் ஒரு வருடம் தாண்டினாலே கிள்ளிப் போட இலை கிடைக்கும். நீர்மோரில் இரண்டு இலையைக் கசக்கிப் போடலாம். வேப்பிலைக்கட்டி இடிக்கலாம், பெயரில்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும், கூட ஓமம், மிளகாய், புளி, பெருங்காயம், உப்பு. தயிர் சாதத்துக்கு அதற்கு மேல் ஒன்று தேவையில்லை. இலைக்காக மட்டும் என்றால் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, இடுப்பு உயரத்துக்கு மேல் விடாமல் கிள்ளிக்கொண்டே வளர்க்கலாம். ஒன்று மட்டும்: நுனியைக் கிள்ளக் கிள்ள விதைக் கன்று காய்க்கும் பருவத்தை எட்டுவது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். இலையும் வேண்டும் பழமும் வேண்டும் என்றால் இரண்டு செடி வையுங்கள். ஒரே செடியிடம் இரண்டையும் கேட்கிறவர்கள் கடைசியில் மார்க்கெட்டுக்குத்தான் போகிறார்கள்.

விதை போடும் முறை சுலபம், ஆனால் ஒரு விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். வெண்டை விதை மாதிரி காய வைத்து எடுத்து வைக்கக் கூடாது. எலுமிச்சை விதை காய்ந்தால் உயிர் போய்விடும். நன்கு பழுத்து மஞ்சளான பழத்திலிருந்து எடுத்து, வழுவழுப்பைக் கழுவி, அன்றைக்கே அல்லது ஓரிரு நாளில் ஊன்ற வேண்டும். மேல் தோலை மெதுவாக உரித்தால் இன்னும் சீக்கிரம் முளைக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும். செம்மண், மட்கிய உரம், தென்னை நார்க் கழிவு என்று கலக்கும்போது நார்க் கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள். அலசாத நாரில் உப்பு இருக்கும், ஏற்கெனவே நம் தண்ணீரில் இருப்பது போதாதா?

புல்: விதை வேண்டவே வேண்டாம்

எலுமிச்சைப் புல்லுக்கு விதைப் பாக்கெட் வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி. சமையலில் பயன்படும் தடித்த தண்டு ரகம் பூப்பதே அபூர்வம். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் வேறு இனம். பழைய விதை சரியாக முளைக்காது. முளைத்தாலும் ஒவ்வொரு தூரும் ஒவ்வொரு வாசத்தில் நிற்கும். எண்ணெய்க்காகப் பயிரிடுகிறவர்களே நல்ல தூரைத் தேர்ந்து பிரித்துத்தான் நடுகிறார்கள்.

தெரிந்தவர் வீட்டில் புதர் இருந்தால் வேரோடு இரண்டு தூர் வாங்கி வந்து, இலையைச் சாண் நீளத்துக்கு வெட்டிவிட்டு நட்டால் வேலை முடிந்தது. கடையில் கட்டாக விற்கும் தண்டிலும் அடிப்பகுதி முழுசாக இருந்தால், டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைக்க இரண்டு வாரத்துக்குள் வேர் விடும். வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களின் சமையல் இன்னும் மிச்சமிருக்கும் ஊர் புதுச்சேரி. தேடினால் புல் கிடைக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் அறுப்பு. தரையிலிருந்து அரை சாண் விட்டு அறுக்க வேண்டும். இலை ஓரம் கையைக் கீறும், முழுக்கைச் சட்டை நல்லது. நாலைந்து வருடத்தில் தூர் நெருக்கி வாசம் குறையும்போது பிரித்து நடலாம்.

இங்கே ஏமாற இடம் ஒன்றுதான். சிட்ரோனெல்லா புல்லை லெமன்கிராஸ் என்று கொடுத்துவிடுவார்கள். தூரில் சிவப்பு இருந்தால் சிட்ரோனெல்லா என்று சொல்வார்கள். அதை முழுக்க நம்ப வேண்டாம், எலுமிச்சைப் புல்லிலேயே சிவந்த தண்டு ரகங்கள் உண்டு. இலையைக் கசக்கி முகருங்கள். கொசு விரட்டி எண்ணெய் மாதிரி வாடை வந்தால் அது டீக்கு ஆகாது.

எலுமிச்சையைவிட இந்தப் புல் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். வெயிலுக்கும் அசராது. நவம்பரில் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அடி அழுகும். தொட்டிக்குக் கீழே இரண்டு ஓட்டுத் துண்டைச் செருகி வைத்தால் தீர்ந்தது.

துளசி: விதையில் வேகமாக மணப்பது

விதையிலிருந்தே வளர்க்க வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு எலுமிச்சைத் துளசி. இது நம் கோயில் துளசி இல்லை. சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சைக்கும், வயலோரம் தானாக முளைக்கும் கஞ்சாங்கோரைக்கும் பிறந்த கலப்பு. மேல் மண்ணில் தூவி லேசாக அழுத்தினால் போதும். ஆழப் போட்டால் வராது. தண்ணீர் பட்டதும் சப்ஜா மாதிரியே வழுவழுவென்று ஊதும். ஒரு வாரத்தில் முளை, இரண்டு மாதத்துக்குள் இலை. முளைப்பதற்கு முன் எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பூ வருமுன் நுனியைக் கிள்ள வேண்டும். பூத்துவிட்டால் இலை சிறுத்து, தண்டு கட்டையாகி, சில மாதங்களில் செடி முடிந்துவிடும். பொங்கல் முடிந்ததும் விதைத்தால் பங்குனி, சித்திரைக்குப் பறிக்கலாம். மே வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். மழைக்காலத்தில் போட வேண்டாம், இலை கறுத்து உதிரும். கொதிக்க வைத்தால் வாசம் போய்விடும். எலுமிச்சை ஜூஸிலோ, இறக்கி வைத்த மீன் மேலேயோ பச்சையாகத் தூவுவதுதான் அதற்கு மரியாதை.

எலுமிச்சை விதைக்கு நேர் எதிர் குணம் இதன் விதைக்கு. பக்கத்தில் திருநீற்றுப்பச்சை பூத்திருந்தால் தேனீ கலந்துவிடும். அடுத்த தலைமுறையில் எலுமிச்சை வாசம் மங்கி, கிராம்பு வாடையோ சோம்பு வாடையோ வரலாம். இந்த வாசமே வேண்டும் என்றால் விதை சேர்க்காதீர்கள். பூக்காத கிளையை ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும், அதை நடுங்கள்.

யாருக்கு எது

வாடகை வீடு, நாலு தொட்டி வைக்க அனுமதி, அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரியாது என்றால் புல்லும் துளசியும். எலுமிச்சையை நினைக்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு மரம் வளர்த்துக் கொடுக்க விருப்பம் இருந்தால் நட்டுவிட்டுப் போகலாம், அது புண்ணியக் கணக்கு.

சொந்த மாடி, நல்ல தண்ணீர் என்றால் மூன்றும் வைக்கலாம். எலுமிச்சையை அங்கே இலைச் செடியாக, விதையிலிருந்தே வளர்க்கச் சொல்வேன். மாடியில் பழம் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவர், அகலமும் ஆழமும் ஒன்றரை அடிக்குக் குறையாத தொட்டியும் ஒட்டுக் கன்றும் வாங்கட்டும். பத்துப் பழம் காய்த்தால் சந்தோஷப்படுகிற மனசும் கூடவே வேண்டும். புளியங்குடிச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழத்தோடு அதை ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தால் நிம்மதி போய்விடும்.

வில்லியனூர், பாகூர், பண்ருட்டிப் பக்கம் மனையில் இடம், தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் தயங்காமல் விதைக் கன்று. இரண்டரை அடிக்கு இரண்டரை அடி குழி, மேட்டுப் பாங்கான இடம், செடிக்குச் செடி குறைந்தது 15 அடி. அவசரமென்றால் கூடவே ஒரு பதியனும் நட்டுக்கொண்டு, விதைக் கன்று காய்க்கும்வரை அதில் பறிக்கலாம். கடலோர மனை, உப்புத் தண்ணீர் என்றால் ரங்பூர் வேரில் ஒட்டிய கன்று. அதுவும் கிடைக்கவில்லையென்றால் புல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குழப்பமாக இருந்தால் தண்ணீரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்காரர்கள் குருமாம்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், கடலூர்க்காரர்கள் விருத்தாசலத்தில் இருக்கும் நிலையத்துக்கும் போய்க் கேட்கலாம்.

எலுமிச்சையை எப்படி வைத்தாலும் புழு வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒரே பட்டாம்பூச்சி இரண்டிலும் முட்டையிட்டுவிட்டுப் போகும். இளம் புழு பறவை எச்சம் போலவே இலை மேல் படுத்திருக்கும், வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலையில் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். சிறு விதைக் கன்றை மொட்டையாக்க நாலைந்து புழு போதும். மருந்து தேடி ஓட வேண்டாம், காலையில் கையால் பொறுக்கிவிடலாம். இலைக்குள் வெள்ளிக் கோடு போடும் பூச்சிக்கு மட்டும், துளிர் விடும் சமயத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். அடித்த கையோடு ரசத்துக்கு இலை பறிக்காதீர்கள், வேப்பெண்ணெய் வாடை சட்டியை விட்டுப் போகாது.